ஏழாம் எண் ரத்தம்

அத்தியாயம் 5

"கை தவறினா எல்லா நம்பருக்கும் தவறணும். ஏழாம் நம்பரை மட்டும் தேடிப் பிடிச்சுத் தவறுமா?" என்று அண்ணி கேட்டபோது மணி இரண்டு. நான்கு மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. அதற்குள் பதில் கிடைக்காவிட்டால் எதிரில் நின்ற பெண்ணுக்கு வேலை போய்விடும்.

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. வெளியில் அவர் துப்பறியும் நிபுணர். வீட்டில் எந்த டப்பாவில் எத்தனை பிஸ்கட் இருந்தது, இப்போது எத்தனை இருக்கிறது, நடுவில் நான் எந்த அறையில் இருந்தேன் என்று தெரிந்தவர். நான் அவருடைய உதவியாளன். வயது நாற்பத்தெட்டு, கொழுப்பு இருநூற்று அறுபது. அது ரத்தத்தில் இருப்பது மட்டும்தான், வாயில் இருப்பதை அளக்க இன்னும் கருவி வரவில்லை என்பது அண்ணியின் கருத்து.

நாங்கள் நின்றுகொண்டிருந்தது ஓர் இதயநோய் ஆய்வகம். முப்பத்தேழு டிகிரிச் சூட்டில் அணுக்களை வளர்க்கும் அலமாரி மூலையில் முனகிக்கொண்டிருந்தது. எதிரில் நின்றவளை அங்கே எல்லோரும் 'சொட்டு' என்றே கூப்பிடுகிறார்கள். மருந்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடுவதுதான் பதினோரு வருடமாக அவள் வேலை. பூட்டிய ஃபிரிட்ஜிலிருந்து ஐம்பது சின்ன மருந்துக் குப்பிகள் காணாமல் போயிருக்கின்றன. போனதைக் கண்டுபிடித்துச் சொன்னவளே அவள்தான். சொன்ன வாய்க்குக் கிடைத்த பரிசு, அவள் மேலேயே புகார்.

"மருந்தைக் கண்ட தட்டுல கொட்டித் தீத்துட்டு, திருட்டுப் போச்சுன்னு நாடகம் ஆடறேன்னு எழுதியிருக்காங்க மேடம்," என்றாள் சொட்டு. "வேலை போனாக்கூட வேற பாத்துக்குவேன். ஆனா என் கை தப்புன்னு காகிதத்துல ஏறிட்டா எந்த ஆய்வகத்துலயும் வாசலைத் தாண்ட விடமாட்டாங்க."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"தட்டுக் கதையைப் புரியற மாதிரி சொல்லும்மா. எனக்கில்ல, இவனுக்கு," என்று அண்ணி என்னைக் காட்டினார்.

"ரத்தத்துல வெள்ளை அணு இருக்கில்லண்ணா, அதுல ஒரு வகை குப்பை பொறுக்கற வேலை பாக்கும். ரத்தக்குழாய்ச் சுவர்ல கொழுப்பு ஒதுங்கினா உள்ள போய் முழுங்கிடும். நல்ல வேலைதான். ஆனா முழுங்கத் தெரியுமே தவிர, போதும்னு சொல்லத் தெரியாது."

"நம்ம பங்காளிங்க," என்றேன்.

"முழுங்கின கொழுப்பை வெளிய தள்ள அதோட மேல்தோல்ல சின்னச் சின்னக் கதவு இருக்கு. தள்ளினா, நல்ல கொழுப்புன்னு சொல்றாங்களே, அது வெளிய வண்டி மாதிரி நின்னு ஏத்திக்கிட்டு ஈரலுக்குப் போயிடும். கதவு திறக்கலைன்னா அணு ஊதி, நுரை மாதிரி ஆகி, சுவருக்குள்ளயே செத்துடும். ஒண்ணு மேல ஒண்ணு செத்து விழுந்தா அதான் மாரடைப்புல போய் முடியுது."

"உங்க மருந்து என்ன பண்ணும்?"

"கதவைத் திறக்கும்."

"அந்த ஃபிரிட்ஜ் எந்தப் பக்கம் இருக்கு?" என்றேன்.

அண்ணி திரும்பிப் பார்த்தார். நான் கூரையில் ஒரு விரிசலை ஆராய்ந்தேன்.

சொட்டு மீதியையும் சொன்னாள். ஒருவர் ரத்தத்திலிருந்து அந்த அணுக்களைப் பிரித்து இரண்டு தட்டில் வளர்க்க வேண்டும். இரண்டுக்கும் கொழுப்பு ஊட்ட வேண்டும். ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் கரைசல். பிறகு சாயம் போட்டால் கொழுப்பு சிவப்பாகத் தெரியும். மருந்து விழுந்த தட்டு வெளுத்திருக்கும், விழாத தட்டு சிவந்திருக்கும். இதுதான் நியாயம். ஆனால் கடந்த ஆறு மாதத்தில் மூன்று தடவை, மருந்தே விழாத தட்டும் சலவைக்குப் போட்டு எடுத்தாற்போல வெளுத்துவிட்டது.

நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னாள். ஒரு தட்டில் அணுக்கள் சிவப்புப் புள்ளிகளை வயிறு முட்ட அடைத்துக்கொண்டு கிடந்தன. அந்தக் களைப்பு எனக்குப் பழக்கமானது. விருந்து முடிந்து நாற்காலியில் சாய்ந்த என்னை யாரோ மேலிருந்து பார்ப்பது போல இருந்ததால் சட்டென்று கண்ணை எடுத்துவிட்டேன்.

அண்ணி நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். அங்கேதான் அந்த ஏழாம் எண் அகப்பட்டது. அணு வளர்க்க ரத்தம் கொடுப்பவர்கள் எட்டுப் பேர், வாரத்துக்கு ஒருவர், எண் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். கெட்டுப்போன மூன்று தடவையும் ரத்தம் ஏழாம் எண்ணுடையது. கை தவறுவதைப் பற்றி முதலில் நான் சொன்ன கேள்வியை அண்ணி கேட்டது அப்போதுதான்.

"யாரும்மா இந்த ஏழு?"

"தெரியாது மேடம். இங்க வேலை பாக்கறவங்கதான் எட்டுப் பேரும். 'பிறர் ரத்தம் கேட்பவர் முதலில் தன் ரத்தம் தரட்டும்'னு பேராசிரியர் சட்டம் போட்டிருக்கார். பெருக்கறவங்கள்லேருந்து ஆபீஸ் வரைக்கும் முறை உண்டு. முறை தவறினா காரணம் எழுதித் தரணும். ஆனா எந்த நம்பர் யாருன்னு நர்ஸம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அவங்ககிட்டேருந்து வாங்கறது கஷ்டம்."

"வாங்கறதுக்குத்தான் நான் இருக்கேனே," என்றேன்.

"நீ வாங்கிக் கட்டிக்கிறதுக்கு இருக்க," என்றார் அண்ணி. "வா."

நடைபாதையில் நிர்வாகி எதிர்ப்பட்டார். எங்களை வரவழைத்தவரும் அவர்தான், புகாரை எழுதியவரும் அவர்தான். கையில் ரொட்டி. அதன்மேல் வெண்ணெய் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த கனத்தில் இருந்தது.

"முடிச்சிட்டீங்களா? ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாப் போதும். அந்தப் பொண்ணு கைதான் சரியில்லைன்னு நாலு வரி."

"எழுதிடலாம் சார். வெண்ணெய் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே, உடம்புக்கு ஆகுமா?" என்றேன். உண்மையில் பொறாமை.

"எங்கப்பா அம்பத்திமூணுல நெஞ்சு வலியில போனார். பெரியப்பாவும் அம்பத்திமூணு. தாத்தா அம்பத்திரண்டு. எல்லாம் தலையெழுத்து. சாப்பிட்டுட்டே போவோமே," என்று சொல்லிவிட்டு ரொட்டியின் மறுபக்கத்தையும் காட்டினார். அங்கேயும் வெண்ணெய்.

வீரர் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு முட்டையின் மஞ்சள் கருவைக் கனவில் பார்க்கவே அனுமதி இல்லை.

நர்ஸம்மாவின் அறை ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு பூட்டிய இரும்புப் பெட்டி. அந்தப் பெட்டியின் மேல்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.

"பேர் சொல்லமாட்டேன். ஆம்பளையா பொம்பளையான்னுகூட சொல்லமாட்டேன். பேர் எழுதின கவரெல்லாம் ஒட்டி உள்ள இருக்கு. விசாரணைக் குழு காரணத்தோட கேட்டாத்தான் பிரிப்பேன்," என்றார், நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே.

"சரிம்மா, கேக்கலை," என்று அண்ணி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "ரத்தம் கொடுத்தவங்களுக்கு அப்புறம் சாப்பிட என்ன கொடுப்பீங்க?"

"கிரீம் பிஸ்கட். ஏன்?"

"சும்மா. அதைப் பத்திப் பேசலாமா, அதுவும் ரகசியமா?"

நர்ஸம்மா யோசித்தார். முகம் மெல்ல மலர்ந்தது. பல வருடமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த விஷயம் போலும். "பிஸ்கட்டுக்குச் சட்டம் ஒண்ணும் இல்லையே. அதுங்க பண்ற கூத்தைக் கேளுங்க. மூணு இருக்கே, ஊசியைப் பாத்ததும் மயக்கம், பிஸ்கட்டைப் பாத்ததும் தெளிவு. அஞ்சு, பாக்கெட்டையே பைல போட்டுக்கும். ஏழு..." குரலைத் தாழ்த்தினார். "ஏழுக்கு உயிர் பயம். பிஸ்கட்டை ரெண்டாப் பிரிச்சு, கிரீமைப் பூராவும் சுரண்டி வழிச்சு ஓரமா வச்சுட்டு, வெறும் பிஸ்கட்டை மட்டும் தின்னும். கொழுப்பாம். அப்படித்தான் ரொம்ப நாளா..."

நான் எழுந்துவிட்டேன். காலையில் பேராசிரியரின் அறைக்குப் போயிருந்தபோது அவருடைய டீத் தட்டில் இருந்ததை இந்த இரண்டு கண்ணால் பார்த்திருந்தேன். சுரண்டி வழித்த கிரீம், ஒரு சின்னக் குன்றாக. ஃபிரிட்ஜ் சாவியும் அவரிடம் ஒன்று இருக்கிறது.

"அண்ணி, புடிச்சிட்டேன்."

"தம்பி, உக்காரு. அவங்க இன்னும்..."

கேட்க எனக்குப் பொறுமை இல்லை. பன்னிரண்டு வருட உத்தியோகத்தில் ஒரு குற்றவாளியைக்கூட நான் முதலில் பிடித்ததில்லை. அந்த ஆசை எனக்கும் இருக்காதா?

பேராசிரியர் அறையில் இல்லை. மாடியிலும் இல்லை. தேடித் தேடி, இரைக்க இரைக்க விசாரணை அறைக்குள் நுழைந்தபோது குழு கூடிவிட்டிருந்தது. நடுவில் தலைவி, ஓய்வுபெற்ற நீதிபதி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். ஒரு பக்கம் பேராசிரியர். மறுபக்கம் நிர்வாகி. கதவோரம் சொட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எனக்குப் பின்னாலேயே அண்ணியும் நர்ஸம்மாவும் வந்தார்கள். நர்ஸம்மா இரும்புப் பெட்டியை இடுப்பில் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். அதன் மேல் ஒரு பிஸ்கட் டின்.

டீ வந்தது. தட்டில் கிரீம் பிஸ்கட்டுகளை அண்ணியே அடுக்கி வைத்தார். பேராசிரியர் ஒன்றை எடுத்துப் பிரித்து, கரண்டியால் கிரீமைச் சுரண்டத் தொடங்கினார்.

"நிறுத்துங்க," என்றேன். "நீங்கதான் ஏழாம் நம்பர். சொந்த மருந்தையே திருடி முழுங்கியிருக்கீங்க. பழியை ஒரு அப்பாவிப் பொண்ணு மேல போட்டுட்டீங்க."

பேராசிரியரின் கரண்டி நடுங்கி, டீ மேசையெல்லாம் சிந்தியது. அவர் கை எப்போதுமே நடுங்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

"நான் சட்டம் போட்டவன். நானே உடைக்க வேண்டியிருக்கு," என்றார் வருத்தமாக. "நான் ரெண்டாம் நம்பர். நாப்பது வயசுலேருந்து கிரீம் சுரண்டறேன். அது குற்றமா அம்மா?"

தலைவி நர்ஸம்மாவைப் பார்த்தார். நர்ஸம்மா இரண்டாம் எண் கவரைப் பிரித்துக் காட்டினார். பேராசிரியரேதான். தலைவி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்த பார்வையில் நான் இரண்டு அங்குலம் குட்டையானேன்.

நிர்வாகி வாய்விட்டுச் சிரித்தார். "துப்பறிஞ்ச லட்சணம் இதானா? போதும்மா, அந்தப் பொண்ணு விஷயத்தை முடிங்க." நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்து, ஒரு பிஸ்கட்டை எடுத்து இரண்டாகப் பிரித்து, கிரீமைச் சுத்தமாக நக்கினார். வெறும் பிஸ்கட்டைத் தட்டில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"எத்தனாவது சார்?" என்றார் அண்ணி.

"என்னது?"

"ஒண்ணுமில்ல. என் கொழுந்தன் பாதிப் பேச்சுல எழுந்து ஓடிட்டான். மீதியையும் அவனுக்குச் சொல்லிடுங்க நர்ஸம்மா."

நர்ஸம்மா மூச்சை இழுத்துக்கொண்டார். "அப்படித்தான் ரொம்ப நாளா சுரண்டிட்டு இருந்துச்சு, ஆறு மாசம் முன்னாடி வரைக்கும்னு சொல்ல வந்தேன். அப்புறம் தலைகீழா ஆயிடுச்சு. கிரீமை மட்டும் நக்கிட்டு பிஸ்கட்டை எனக்கு வச்சுட்டுப் போகுது. போன தடவை டின்னையே காலி பண்ணிடுச்சு."

நிர்வாகியின் நாக்கு பிஸ்கட்டுக்கு ஒரு அங்குலத்தில் நின்றது.

"பயந்தவங்களைத் தேடக்கூடாது. பயம் திடீர்னு விட்டுப்போனவங்களைத் தேடணும்," என்றார் அண்ணி. "சார், உங்களுக்கு இப்ப என்ன வயசு?"

"அம்... அம்பத்திமூணு."

"அப்பா போன வயசு. பெரியப்பா போன வயசு. ரொட்டிக்கு ரெண்டு பக்கமும் வெண்ணெய். தலையெழுத்துன்னு நினைக்கிறவர் ஒரு பக்கம் தடவுவார். மருந்து காப்பாத்தும்னு நினைக்கிறவர்தான் ரெண்டு பக்கமும் தடவுவார். அம்மா, ஏழாம் நம்பர் கவரைப் பிரிக்க இந்தக் காரணம் போதுமா?"

"கூடாது," என்று எழுந்துவிட்டார் நிர்வாகி. "ரத்தம் கொடுத்தவங்க பேரை வெளிய சொல்றது விதிக்கு விரோதம்."

"எல்லாக் கவரையும் பிரிச்சுப் பாக்கணும்னு காலையில மனு கொடுத்ததே நீங்கதானே," என்றார் தலைவி, காகிதத்தைத் தேடியபடி.

"அது... குழு ஒத்துக்காதுன்னு நினைச்சு ஒரு பேச்சுக்குக் கொடுத்தது."

நர்ஸம்மா கவரைக் கையில் எடுத்துவிட்டார். ஓரத்தைக் கிழிக்கும் சத்தம் கேட்டதும் நிர்வாகி தொப்பென்று உட்கார்ந்தார்.

"பிரிக்க வேண்டாம். நான்தான்."

பிறகு அவர் பேசியது எனக்குக்கூடப் பாவமாக இருந்தது. பிறந்தநாள் நெருங்க நெருங்க ராத்திரி தூக்கம் இல்லை. படுத்தால் நெஞ்சில் கை. ஆபீஸ் சாவிக் கொத்தில் ஃபிரிட்ஜ் சாவியும் இருந்தது. வாரத்துக்கு இரண்டு குப்பி, தண்ணீரில் கலந்து குடித்திருக்கிறார்.

"ஆக, மருந்து தப்பான தட்டுல விழவே இல்ல," என்று அண்ணி தலைவி பக்கம் திரும்பினார். "தப்பான வாயில விழுந்திருக்கு. இவர் உடம்புல இருக்கும்போதே அணுவெல்லாம் கதவைத் திறந்து வச்சுக்கிச்சு. அதை எடுத்துட்டு வந்து, மருந்து படாத அணுன்னு தட்டுல போட்டா, எப்படிச் சிவக்கும்? இந்தப் பொண்ணு போட்ட ஒவ்வொரு சொட்டும் சரி."

"மருந்தையும் முழுங்கிட்டு ரத்தத்தையும் ஏன்யா கொடுத்தீங்க?" என்று நான் கேட்டேன். ஓரளவு மரியாதையை மீட்க வேண்டும் அல்லவா?

"முறை வந்துச்சு. கொடுக்கலைன்னா காரணம் எழுதணும். படிவத்துல 'மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா'ன்னு இருந்துச்சு. இல்லைன்னு எழுதினேன்."

"தட்டு காட்டிக் கொடுத்துடும்னு தோணலையா?"

"நான் நிர்வாகம் படிச்சவன்," என்றார் பரிதாபமாக.

பேராசிரியர் இவ்வளவு நேரமும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். திடீரென்று மேசையைச் சுற்றி ஓடிவந்து நிர்வாகியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "வேலை செய்யுது. யோவ், மனுஷ உடம்புல வேலை செய்யுது. எட்டு வருஷம்யா."

"அப்படியா?" நிர்வாகியின் முகத்தில் ரத்தம் திரும்பியது. வேலை போனால் என்ன, உயிர் மிச்சம் என்ற கணக்கு அவர் கண்ணில் ஓடியது. கை தன்னையறியாமல் பிஸ்கட் தட்டுக்குப் போனது.

"சார்," என்றாள் சொட்டு. அந்த அறைக்குள் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். "எலி ரிப்போர்ட் படிச்சீங்களா?"

"எந்த எலி?"

"மருந்து கொடுத்த எலிங்க. திங்கட்கிழமை வந்துச்சு. ஒரு பிரதி பேராசிரியர் மேசையில, ஒண்ணு உங்க மேசையில வச்சேன்."

பேராசிரியர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அவர் மேசையில் திங்கட்கிழமை வைத்த காகிதம் வெளிச்சத்துக்கு வர அடுத்த மாதம் ஆகும். நிர்வாகி நக்கிய பிஸ்கட்டைக் கையில் பிடித்தபடியே சொன்னார்.

"உன் கையெழுத்து இருந்துச்சு. அதனால படிக்காம ஓரமா வச்சுட்டேன்."

"ரத்தக்குழாய் சுத்தமா இருக்கு சார். ஆனா அதே மருந்து ஈரலைப் போய்க் கொழுப்பு செய்யச் சொல்லுது. வெளியிலேருந்து வேற வண்டி வண்டியா வந்து இறங்குது. ஈரல் ரெண்டு மடங்கு வீங்கிப்போச்சு."

நக்கிய பிஸ்கட் தட்டில் விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"எலிங்க... செத்துடுச்சா?"

"இல்ல. மருந்தை நிறுத்தினதும் வீக்கம் வடிய ஆரம்பிச்சிடுச்சு. ஆனா அது எலி. உங்க ஈரல் எந்த நிலையில இருக்குன்னு இப்பவே ரத்தம் எடுத்துப் பாத்தாகணும். கருவி கீழயே இருக்கு. அளவு மட்டும் துல்லியமா விழணும். ஒரு சொட்டு கூடக் குறைய ஆனா, நல்லா இருக்கறது கெட்டதாத் தெரியும், கெட்டது நல்லதாத் தெரியும்."

"நான் பாக்கறேன், நானே பாக்கறேன்," என்று பேராசிரியர் கையை நீட்டினார். கை ஆனந்தத்தில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஆடியது. நிர்வாகி அந்தக் கையைப் பார்த்தார். மேசையில் சிந்திக் கிடந்த டீயைப் பார்த்தார்.

"நீங்க வேண்டாம் சார்."

அறையில் வேறு யார் இருக்கிறார்கள் என்று ஒரு சுற்றுப் பார்த்தார். தலைவி, நர்ஸம்மா, அண்ணி, நான். என் முகத்தில் அவர் கண் நிற்கவே இல்லை. கடைசியில் கதவோரம் வந்து நின்றது. காலையிலிருந்து 'அந்தப் பொண்ணு' என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர் கைகூப்பிவிட்டார்.

"நீங்களே பாருங்கம்மா. வேற யாரையும் தொட விடாதீங்க. இந்த இடத்துல தவறாத கைன்னா உங்க கை ஒண்ணுதான். எனக்குத் தெரியும். எப்பவோ தெரியும்."

நர்ஸம்மா ஊசியை எடுத்துவிட்டார். பேராசிரியர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வாம்மா, வாம்மா," என்று அவசரப்படுத்தினார். சொட்டு அசையவில்லை. தலைவியைப் பார்த்தாள்.

"இவர் இப்ப சொன்னதை மினிட்ஸ்ல ஏத்திக்குங்கம்மா. வார்த்தை மாறாம."

தலைவி பேனாவைத் திறந்து நிதானமாக எழுதத் தொடங்கினார். அவர் எழுதி, படித்துப் பார்த்து, நிர்வாகியிடம் கையெழுத்தும் வாங்கி முடிக்கும்வரை, சொட்டு கையுறையைப் போட்டுக்கொள்ளவில்லை.